படத்துக்கு வாங்கிய வெற்றிலை

தூதுக்குழுவில் ஐந்து பேர். நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபை கூடும்போது, அமைதிப்படை பற்றியும் சண்டைகளைத் தீர்ப்பது பற்றியும் இந்தியா சார்பில் பேசப் போகிறவர்கள். 1986 உலக அமைதி ஆண்டு என்று அறிவித்துவிட்டதால் டில்லியில் எல்லோருக்கும் அமைதிப் பைத்தியம் பிடித்திருந்தது. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தூதர். ஏழு நாடுகளில் இருந்தவர். அவரால் எந்த நாட்டில் எந்தச் சண்டை நின்றது என்று யாருக்கும் தெரியாது. எந்த நாட்டு விருந்தில் என்ன மீன் போட்டார்கள் என்பதை மட்டும் அவர் மறக்கவில்லை.

நான் ஆறாவது ஆள், கணக்கில் சேராதவன். ராஜேந்திரன் என்று பெயர். தட்டச்சு அடிப்பேன், கோப்பு சுமப்பேன். தலைவர் தும்மினால் கைக்குட்டை நீட்டுவேன். என் சொந்த ஊர் கண்ணமங்கலம் என்று யாரோ கண்டுபிடித்து, ஜவ்வாது மலைக்கு மொழிபெயர்ப்பாளனாக என்னை இழுத்து வந்தார்கள்.

மலைக்கு இவர்கள் வந்த காரணம் ஒரு கட்டுரை. இங்குள்ளவர்கள் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போகாமல் தங்கள் வழக்கைத் தாங்களே தீர்த்துக்கொள்கிறார்கள் என்று தூதர் எங்கேயோ படித்துவிட்டார். அதைப் படம் பிடித்து, வழுவழுப்பான தாளில் புத்தகம் போட்டு, நியூயார்க்கில் நூற்றைம்பது நாட்டுக்காரர்களுக்கும் விநியோகிக்க வேண்டும். அதற்காக ஒரு போட்டோகிராபர். ஒடுகத்தூரில் ஜீப்பை நிறுத்தி ஆறு சீப்பு வாழைப்பழம் வாங்கினோம். மலைக்காரர்களுக்குப் பரிசாம். வழியிலேயே இவர்கள் நாலு சீப்பைத் தின்று தீர்த்தார்கள்.

நெல்லிவாசல்நாட்டில் முப்பது வீடுள்ள ஒரு ஊர். அங்கே நல்லவேளையாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. நல்லவேளை என்பது தூதர் சொன்ன வார்த்தை, என்னுடையது அல்ல.

வழக்கு இதுதான். சுந்தரம்மாளின் புருஷன் முந்தின வருஷம் இறந்துபோனான். பிள்ளை இல்லை. சரிவில் இரண்டு ஏக்கர் சாமைக் காடு அவளுக்கு மிச்சம். அதையும் தன் பங்கு என்று புருஷனின் தம்பி மாதையன் மறித்தான். ஊர்க்கவுண்டர் ரங்கன் இரண்டு முறை ஊரைக் கூட்டி விசாரித்திருந்தார். அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்தபோது கூட இருந்த அவர்களின் தாய்மாமன் பக்கத்து மலையில் இருந்து வர வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார். அவர் வந்து வாயைத் திறந்தால் காடு சுந்தரம்மாளுக்குத்தான் என்று ஊரே பேசிக்கொண்டது.

அதுவரை காட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பதற்கு நடுவே ஒரு கொம்பை நட்டு அதில் பச்சைத் தழை கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் தூதர் குதிக்காத குறைதான்.

"சைப்ரஸில் ஐ.நா. படை போட்ட கோடு இதேதான்," என்றார் ஆங்கிலத்தில். "அங்கே இரண்டாயிரம் சிப்பாய்கள் நிற்கிறார்கள். இங்கே ஒரு தழை. எழுதிக்கொள், ராஜேந்திரன்."

எழுதிக்கொண்டேன். ஐந்து மேதைகளும் வரிசையாகக் கொம்பின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் கால் வைக்கக் கூடாத காட்டில் பத்து பூட்ஸ் கால்கள் நடமாடியதை ரங்கன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சர்க்கார் ஆள் வந்தால் அந்த ஊரில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

பிறகு வழக்கு எப்படி முடியும் என்று தூதர் கேட்டார். ரங்கன் பொறுமையாக விளக்கினார்.

"விட்டுக்குடுக்கறவங்க, ஜெயிச்சவங்க கையால வெத்தல வாங்கிக்குவாங்க, சாமி. ஊரு பாக்க வாங்கிட்டா முடிஞ்சிது. அப்புறம் அதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. அவங்க புள்ள, பேரப்புள்ளகூட கேக்கக் கூடாது."

"அற்புதம்," என்றார் தூதர். "அந்த வெற்றிலையைப் படம் எடுக்க வேண்டும்."

வழக்கு இன்னும் முடியவில்லை, வெள்ளிக்கிழமைதான் என்றேன்.

"வெள்ளிக்கிழமை நான் டில்லியில் மந்திரியோடு சாப்பிடுகிறேன். இப்போது ஒரு பாவனைக்குச் செய்யட்டும்."

தட்டில் வெற்றிலை வந்தது. மாதையனையும் சுந்தரம்மாளையும் எதிரெதிரே நிற்க வைத்தார்கள். மாதையன் வாங்கட்டும் என்றுதான் முதலில் நான் நிறுத்தினேன். போட்டோகிராபர் கேமராவுக்குள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். வெயில் சாய்ந்துவிட்டது, அந்த ஆள் முகம் கருப்படிக்கிறது, அந்த அம்மாள் வாங்கினால் முகத்தில் நல்ல வெளிச்சம் விழும் என்றான். தூதரும் ஆமோதித்தார். ஒரு விதவை சமாதானத்தைக் கை நீட்டி வாங்குவது உலகத்தின் மனசைத் தொடுமாம்.

மாதையன் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. சட்டென்று, தானே கொடுக்கிறவனாக, வெற்றிலையைத் தட்டில் இருந்து எடுத்துக்கொண்டான்.

ரங்கன் என் பக்கத்தில் வந்தார். "சாரு, கையில வாங்கினா வாங்கினதுதான். வெளையாட்டுக்கு வாங்கறது எங்க கிட்ட கெடையாது. இத்த அந்தப் பெரியவருகிட்ட சொல்லிடுங்க."

நான் தூதரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஒரு சொல்லைத் தவறாக மொழிபெயர்த்ததற்கு அத்தனை பேர் நடுவில் என்னை முட்டாள் என்றவர். இரண்டு மாதத்தில் நியூயார்க் போகும் பட்டியலில் என் பெயர் இருப்பதும் இல்லாததும் அவர் கையில்.

"என்ன சொல்கிறார் இவர்?" என்றார்.

"தயாராம், சார்," என்றேன்.

சுந்தரம்மாள் கை நீட்டவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். காதில் ஈர்க்குச்சி. என்னைத்தான் பார்த்தாள்.

"வாங்கினா எங்காடு போயிடும், சாமி."

"சும்மா போட்டோவுக்குத்தாம்மா," என்றேன். "நான் சொல்றேன் இல்ல, வாங்கு. சர்க்கார் கேக்குது."

வாங்கினாள். கேமரா மூன்று முறை சொடுக்கியது. மாதையனின் மகன் காட்டுக்குள் ஓடிப்போய்க் கொம்பைப் பிடுங்கினான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

ஜீப்பில் ஏறியதும் தூதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாம் திரும்பிப் போய் அது வெறும் படம்தான் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த அம்மாள் பிழைப்பு போய்விடும் என்றேன். அவர் வாழைப்பழத்தை உரித்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ராஜேந்திரன், அடுத்தவர்களின் உள் விவகாரத்தில் தலையிடுவதில்லை. நம் நாட்டின் கொள்கையே அதுதான்."

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். தோலை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். இவர்களைக் காறித் துப்ப வேண்டும் என்று அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் துப்பவில்லை. ஜீப்பில் இருந்து இறங்கவும் இல்லை. என் பெயர் பட்டியலில் இருந்தது.

நியூயார்க்கில் எங்கள் புத்தகம் தீர்ந்துபோனது. அட்டையில் சுந்தரம்மாள் வெற்றிலையோடு நின்றாள். நார்வேக்காரர் ஒருவர் அவள் கண்ணில் ஆழ்ந்த அமைதி தெரிகிறது என்றார். தூதர் நாற்பது நிமிஷம் பேசினார், தழையையும் சைப்ரஸையும் விடவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். எதை முடிவு செய்தார்கள் என்று கேட்காதீர்கள். அடுத்த வருஷம் மறுபடி கூடுவது என்று முடிவு செய்தார்கள்.

திரும்பியதும் ஒரு கடிதத்தை நானே அடித்தேன். அன்று நடந்தது படத்துக்கான பாவனை மட்டுமே, வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று. தூதர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. லீவு போட்டு மலைக்குப் போனேன்.

ரங்கன் கடிதத்தை வாங்கவில்லை. நான் படித்துக் காட்டியதை முழுசாகக் கேட்டார்.

"தாய்மாமன் வெள்ளிக்கெழம வந்தாரு," என்றார். "காடு அவளுதுன்னு கற்பூரம் அடிச்சு சத்தியமா சொன்னாரு."

"அப்புறம் இன்னாங்க கவுண்டரே? அவங்களுக்கே குடுத்துடலாமில்ல?"

"இவ வாங்கினது செல்லாதுன்னு இன்னிக்கு நான் சொன்னா, நாளைக்கு வாங்கறவன் எல்லாம் அதையே சொல்லுவான். இங்க எங்களுக்கு போலீசு கீதா, கோர்ட்டு கீதா? அந்த வெத்தல ஒண்ணுதான் கீது." என் முகத்தை நேராகப் பார்த்தார். "அன்னிக்கு உங்ககிட்ட சொன்னேன். நீங்க அந்த பெரியவருகிட்ட சொன்னீங்களா, சாரு?"

நான் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். அவள் காட்டில் இருக்கிறாள், போய்ப் பாருங்கள் என்றார்.

சாமை முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. சுந்தரம்மாள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். மாதையனிடம் கூலிக்கு. என்னைப் பார்த்து நிமிர்ந்தாள், அடையாளம் தெரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டாள். கடிதம் கொண்டுவந்திருக்கிறேன், கலெக்டரைப் பார்க்கிறேன், மேலே எழுதிப் போடுகிறேன் என்று என்னவெல்லாமோ உளறினேன். அவள் ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசைக்கு வந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், சாமி. நான் அன்னிக்கு வாங்க மாட்டேன்னு சொல்லியிருந்தா அந்தப் பெரியவரு இன்னா பண்ணியிருப்பாரு? என்னப் புடிச்சி ஜெயில்ல போட்டிருப்பாரா?"

"இல்லம்மா. ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாரு. ஜீப்புல ஏறிப் போயிருப்பாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

களையை உதறி வரப்பில் போட்டாள்.

"அத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல," என்றாள்.