நாலு வினாடிப் பாட்டுக்காரர்

"டையை இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?" என்று கேட்டார் பாஸ்டர் பின்ஃபோர்ட்.

"வேணாம். உயிரோட இருந்தப்பவே அப்பாவுக்கு டைன்னா ஆகாது," என்றாள் எர்னஸ்டின், சவப்பெட்டியின் மேல் குனிந்தபடி.

பீடத்துக்கு மேலிருந்த திரையில் படத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரி பிறந்தால் ஊர்ச் சபைகள் எல்லாவற்றிலும் போடுகிற படம்தான். அலபாமாவில் கறுப்பர்கள் ஓட்டுரிமை கேட்டுத் திரண்ட காலம். நிரம்பி வழியும் ஒரு கூட்டம். அதில் நாலு வினாடி, எர்னஸ்டினின் அப்பா லூஷியஸ் டார்வர், பத்தொன்பது வயதில், வாய் கொள்ளாமல் பாடுகிறார். காதில் விழும் குரல் தேன். அந்த நாலு வினாடியை முதலாகப் போட்டு நாற்பது வருஷம் மேடை ஏறிப் பேசினார் மனுஷர். இவ்வளவு சின்ன முதலில் இத்தனை பெரிய வியாபாரம் அந்தப் பக்கத்தில் யாரும் செய்ததில்லை.

சரக்குதான் அவருடையது இல்லை. படமெடுத்தவர்கள் பிற்பாடு ஸ்டுடியோவில் ஒரு பாடகர் குழுவை வைத்து ஒட்டிய குரல் அது. லூஷியஸுக்குச் சுருதி எட்டாது. தாளம் எப்போதும் ஓர் அடி தாமதம். "என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லிட்டாங்கம்மா. ஜெயிலுக்குப் போறப்ப மட்டும் முன்வரிசை குடுத்தாங்க," என்பார் மகளிடம். அடுப்படியில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினால் கூடவே இழுப்பார். ஒவ்வொரு வரி முடிவிலும், அவர் வந்து சேரும்வரை அவள் நிறுத்திக் காத்திருப்பாள்.

"அந்தக் குரலைக் கேட்டுக்கிட்டே அவரை அனுப்பிடலாம்," என்றார் பாஸ்டர்.

"சத்தத்தை அணைச்சிட்டுப் போடுங்க, பாஸ்டர்."

"என்னம்மா இது! ஜனங்க அந்தக் குரலுக்குத்தானே வராங்க?"

"அந்தக் குரலு சாகலை. செத்தது எங்கப்பா."

பாஸ்டர் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டார். "பாதிச் சத்தம்?"

"வேணாம்."

"சும்மா காதோரமா, மெல்லிசா?"

"அதுவும் வேணாம்."

ஆராதனையில், இரண்டு நிமிஷம் பேசச் சொல்லி அச்சடித்திருந்ததை மதித்து ஆளுக்கு ஏழு நிமிஷம் பேசினார்கள். பிறகு படம் ஓடியது. சத்தம் இல்லாததால் ஜனங்களின் கைவிசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

அப்போதுதான் எர்னஸ்டின் பார்த்தாள். வரி முடிந்து, அப்பாவைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிவிட்டார்கள். அவர் மட்டும் இன்னும் முடிக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாயசைப்பவனுக்கு நரம்பு புடைக்காது.

முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த ராபர்ட்டா லாக்கெட், அந்தக் காலத்தில் அவர்களுக்குப் பாட்டு எடுத்துக்கொடுத்தவள், கையை ஓங்கினாள். "பாத்தியா, பாடியிருக்கான் படுபாவி! சத்தம் விடாதேடான்னு எத்தனை தடவை சொன்னேன்!"

சபை சிரித்தது. சிரிப்போடு யாரோ அந்தப் பாட்டை எடுக்க, இருநூறு பேரும் எழுந்து பாடினார்கள், ஒரே சுருதியில், இம்மி பிசகாமல். எர்னஸ்டினும் எழுந்து நின்றாள். அவளால் பாட முடியவில்லை.

சாயங்காலம் எல்லாரும் போய்விட்டார்கள். சபைப் பெண்கள் கொண்டுவந்த வறுத்த கோழி ஒரு படைக்கே காணும். வீட்டு அடுப்படி மேஜையில் மூடியபடி இருந்தது. அவள் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள். மூன்றாவது தட்டில், தன்னையறியாமல் பாட்டின் முதல் வரி வந்தது.

வரி முடிந்ததும் நிறுத்தினாள். தட்டிலிருந்து நுரை வழிந்து தீர்ந்தது. அடுத்த வரியை எடுக்காமல் அப்படியே நின்றிருந்தாள்.