கனோபி கழற்றிய சனிக்கிழமை

கனோபியைத் தூக்க வேண்டியதே இல்லை என்பது ஸஃப்வானுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் புரிந்தது. மேலே கட்டித் தொங்கவிட வேண்டும். பிறகு அடியிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். நாலு பேர் வேலையை ஓராள் செய்ய வேறு வழியில்லை.

சனிக்கிழமை காலை அவனுடைய யூட் வண்டி, குவேக்கர்ஸ் ஹில் வாடகை வீட்டின் கார் கொட்டகைக்குள் நின்றது. முந்தின நாளே பின்பக்கமாக ஏற்றி நிறுத்தியிருந்தான். மூக்கு தெருவைப் பார்த்தபடி இருந்தது. வண்டியின் திறந்த பின்பெட்டியை மூடிக்கொண்டு வெள்ளை ஃபைபர் கூடு, இருபக்கமும் கண்ணாடி ஜன்னல்களோடு. அதுதான் கனோபி. வாங்கிய கடையில் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து வைத்துப் பூட்டினார்கள். அவன் மனைவி நஷ்வா கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு, வண்டி தொப்பி போட்டுவிட்டது, இனிப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போகலாம் என்றாள். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவனுக்குச் சிரிப்பு வந்தது.

நஷ்வா குளிர்காலத்தில் மௌத்தானாள். வேலையிடத்தில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள். மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டாள். ஸஃப்வானுக்கு முப்பது தாண்டியிருந்தது, அவ்வளவுதான். அவன் அழவில்லை. ஆள் தைரியமாக இருக்கிறார் என்று பள்ளிவாசலில் பேசிக்கொண்டார்கள். தைரியம் ஒன்றுமில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, கடித்தாலும் தெரியாமல் இருந்தது.

மழை ஒரு கிழமை அடித்து ஓய்ந்தபின் அவளை அடக்கிய மையவாடிக்குப் போனான். கப்றின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் வானம் தெரிந்தது. புது மண் இறுகும்போது அப்படித்தான் இறங்கும். அவன் கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியர். மண் இறங்குவது அவன் படித்த படிப்பு. இருந்தும் மையவாடி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டான். தங்கள் லாரி வரும்போது நிரப்பித் தருவோம், அவசரமென்றால் குடும்பத்தார் மண் கொண்டுவந்து போடலாம், தடையில்லை என்றார்கள்.

அவசரம்தான். யாருக்கு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மண் விற்கும் யார்டில் இயந்திரத்தின் பெரிய அகப்பைதான் மண்ணை அள்ளிக் கொட்டும். கூரை போட்ட வண்டிக்குள் கொட்ட முடியாது, கழற்றிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள்.

நஷ்வாவின் அண்ணன், அஹ்மத் நானாவுக்கு ஒரு மெசேஜ் போட்டால் போதும். பள்ளிவாசலிலிருந்து ஆட்களோடு வந்து, தேத்தண்ணி கொதிப்பதற்குள் கழற்றி வைத்துவிடுவான். அதனால்தான் மெசேஜ் போடவில்லை. வருகிறவர்கள் கனோபியோடு நிற்க மாட்டார்கள். மண் ஏற்ற வருவார்கள். மையவாடிக்கும் வருவார்கள். மண்வெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள்.

அடக்கத்தன்று அதுதான் நடந்தது. அவளை வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது அதன் முன்பக்கம் அவன் தோளில் இருந்தது. ஜனாஸாவுக்குத் தோள் கொடுப்பது நன்மை. எல்லாரும் கொடுக்க விரும்புவார்கள். அவன் ஐந்தாறு அடி வைப்பதற்குள் பக்கத்தில் வந்த ஒரு தோள் அவன் தோளுக்குப் பதிலாக அடியில் நுழைந்தது. தோள் மாறித் தோள் மாறி, சந்தூக்கு தண்ணீரில் போவது போல அவனைத் தாண்டிப் போய்விட்டது. வெறுங்கையோடு பின்னால் நடந்தான். மூன்று பிடி மண் போட்டான். மண்வெட்டியை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் யாரோ அன்பாக முதுகைத் தட்டி அதையும் வாங்கிக்கொண்டார்கள். எல்லாரும் நல்லவர்கள். அவளுடைய பாரம் எவ்வளவு என்று மட்டும் அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

இந்தப் பள்ளத்தையாவது அவன் நிரப்ப வேண்டும். அவன் மட்டும்.

கனோபிக்குள் ஊர்ந்துபோய்ப் பூட்டாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு மகேந்திரராஜா அங்கிள் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"தம்பி, உது நாலு பேர் தூக்கிற சாமான். ஒராள் தூக்கினால் நாரிதான் போகும். பிறகு குனியேலாது."

"தூக்கல்ல அங்கிள். கட்டித் தொங்க விடப்போறன்."

"அப்ப கொட்டில் போகும்."

எதற்காகக் கழற்றுகிறாய் என்று கேட்டார். மண் ஏற்ற என்றான். மண்ணைப் பையில் விற்கிறார்களே என்றார். பையில் விற்பது பூஞ்செடிக்கு, எரு கலந்திருக்கும், தனக்கு வெறும் மண் வேண்டும் என்றான் ஸஃப்வான். எங்கே போட என்று சொல்லவில்லை. அங்கிளும் கேட்கவில்லை. கேட்காமலிருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. ஒரு கை தேவையென்றால் கூப்பிடச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொட்டகையின் குறுக்கே இரும்பு உத்திரங்கள் ஓடின. அவை எவ்வளவு தாங்கும் என்று முந்தின நாளே கணக்குப் பார்த்து வைத்திருந்தான். லாரிக்காரர்கள் சரக்கு இறுக்கும் ராட்செட் பெல்ட்டை கனோபியின் ஒரு பக்க ஜன்னலால் விட்டு, மறுபக்க ஜன்னலால் எடுத்து, உத்திரத்துக்கு மேலால் வளைத்து மாட்டினான். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. கைப்பிடியை ஆட்ட ஆட்ட பெல்ட் பல் பல்லாக இறுகியது. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். கனோபி எழுந்தது.

கூடவே வண்டியும் எழுந்தது.

உத்திரம் முனகியது. ஸஃப்வான் கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். பூட்டாணிகள் எல்லாம் கழன்றுதான் இருந்தன. அடியிலிருந்த ரப்பர் பட்டிதான் வெயிலில் வெந்து, பெட்டியின் விளிம்பைக் கவ்விப் பிடித்திருந்தது. குசினிக்குள் போனான். மெல்லியதாக, நீளமாக ஏதாவது வேண்டும். நஷ்வாவின் கேக் கத்தி கைக்கு வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எடுத்துக்கொண்டு வந்து ரப்பருக்கு அடியில் செருகி, விளிம்பைச் சுற்றி அறுத்துக்கொண்டே வந்தான். கடைசி மூலை விட்டபோது வண்டி பொத்தென்று கீழே உட்கார்ந்தது. கனோபி அங்கேயே நின்றது.

கூரை தாழ்வானது, கனோபிக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிதான் கிடைத்தது. பிரேக் விளக்கு வயரைப் பிடுங்கிவிட்டு, பின்கதவை இறக்கிவிட்டு, ஏறி உட்கார்ந்து மெல்ல முன்னால் எடுத்தான். ஓரடி நகர்வதற்குள் கனோபி பெட்டியில் உரசி, ஊஞ்சல் மாதிரி ஆடி, டிரைவர் இருக்கைக்குப் பின்னாலிருக்கும் கண்ணாடியை இடிக்க வந்தது. பிரேக் போட்டான். இறங்கிப்போய்ப் பிடித்தான். நின்றது. திரும்ப ஏறி எடுத்தான். மறுபடி ஆடியது.

ஓட்டுகிறவன் பிடிக்க முடியாது. பிடிக்கிறவன் ஓட்ட முடியாது. அவன் போட்ட கணக்கில் பெல்ட் இருந்தது, உத்திரம் இருந்தது, இது மட்டும் இல்லை.

அப்போதுதான் மாமியின் சின்னக் கார் வாசலில் வந்து நின்றது. மாமி ரைஹானா, நஷ்வாவின் உம்மா. சனிக்கிழமைகளில் ஓபர்னிலிருந்து சோறு கொண்டுவருவார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிர்க் கதிரையில் உட்கார்ந்திருப்பார். இருவரும் பெரிதாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். சாப்பாட்டுப் பையோடு இறங்கி வந்தவர் கொட்டகைக்குள் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன மகன், வண்டியத் தூக்குல போட்டிரிக்கீங்க?"

அவன் பொய் சொல்ல நினைத்தான்.

"கப்றுல பள்ளம் விழுந்திரிக்கு மாமி. மண் கொண்டுபோய்ப் போடோணும்."

மாமி பையை வண்டியின் முன்மூடியில் வைத்தார். முக்காட்டைச் சரிசெய்தார்.

"தனியாவா?"

"ஓம்."

"அஹ்மதுக்கு ஒரு கோல் எடுத்தா வருவானே."

"வருவார். வந்தா அவங்களே செஞ்சி முடிச்சிடுவாங்க மாமி."

மாமி கனோபியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிடிக்க வேண்டுமா ஓட்ட வேண்டுமா என்று கேட்டார். தொங்கும் சாமானுக்குப் பக்கத்தில் யாரையும் நிறுத்தாதே என்று வேலையிடத்தில் தினமும் கத்துகிறவன் அவன்தான். ஓட்டுங்கள் என்றான்.

மாமியின் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. இருக்கையை முன்னால் இழுத்துக் கொடுத்தான். நஷ்வா ஓட்டும்போது இழுத்துக்கொள்ளும் அதே இடத்தில் வந்து நின்றது.

"நத்தை மாதிரிப் போகோணும் மாமி."

"நான் எப்பயும் அப்படித்தான் போறன். ரோட்டுல எல்லாரும் எனக்குத்தான் ஹோர்ன் அடிக்கிறாங்க."

வண்டி நகர்ந்தது. ஸஃப்வான் பின்பக்கம் நின்று இரண்டு கையாலும் கனோபியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். பாரம் முழுக்க உத்திரத்தில் இருந்தது. அவன் கைக்கு வந்தது அதன் ஆட்டம் மட்டும். அதற்கே முழங்கை நடுங்கியது. பெட்டி அங்குலம் அங்குலமாக அவனை விட்டுப் போய், கடைசியில் வெயிலுக்குள் போய்ச் சேர்ந்தது. கனோபி அடியில் ஒன்றுமில்லாமல் தொங்கியது.

"கொட்டில் தப்பிட்டுது," என்றது வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

பழைய டயர்களை உருட்டி வந்து அடியில் போட்டு, பெல்ட்டை மாறி மாறித் தளர்த்தி, கனோபியை அவற்றின் மேல் இறக்கி வைத்தான். மண்வெட்டியையும் இரண்டு வாளிகளையும் தூக்கித் திறந்த பெட்டியில் போட்டான். பிறகு டிரைவர் ஜன்னலுக்கு வந்தான். மாமி உள்ளே போய் இருக்கட்டும், தான் போய் வந்து சாப்பிடுகிறேன் என்றான்.

மாமி இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. பார்வை தெருவில் இருந்தது.

"மாமா மூணு பிடி மண் போட்டுட்டு வந்தார். அஹ்மத் போட்டான். பள்ளியில பேர் தெரியாத பொடியனெல்லாம் போட்டான். நான் வீட்ட இருந்து, வாறவங்களுக்குத் தேத்தண்ணி காணுமா எண்டு பாத்துட்டிருந்தன்."

தெருவிலிருந்து பார்வையை எடுக்காமல், "நான்தானே மகன் பெத்தன்," என்றார்.

அந்தக் குடும்பத்தில் பெண்கள் மையவாடிக்குப் போகும் வழக்கமில்லை. போகக் கூடாது என்று அன்று யாரும் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை. ஸஃப்வானும் சொல்லவில்லை. அவர் எங்கே இருந்தார் என்றே அன்று அவன் நினைக்கவில்லை. ஐந்தாறு அடிதானே கிடைத்தது என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் கணக்கு வைத்திருந்தான். ஓரடியும் கிடைக்காத ஒருவர் எதிர்க் கதிரையில் உட்கார்ந்து, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் கூட வாருங்கள் என்று உடனே சொல்ல மனம் வரவில்லை. தனியாகப் போகத்தான் இவ்வளவும் செய்தான். ஜன்னல் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"சேறா இரிக்கும் மாமி."

"கழுவினாப் போகும்."

"மாமா ஏதும் சொல்லுவாரோ?"

"அவருக்கு நான் சொல்லிக்கொள்றன்."

ஸஃப்வான் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றிப்போய் மற்றப் பக்கக் கதவைத் திறந்து ஏறினான்.

யார்டில் அகப்பை மண்ணைக் கொட்டியபோது வண்டி பின்பக்கம் குந்தியது. மாமி பயந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து அவன் ஓட்டினான். பாரத்தோடு ஓட்ட மாமிக்குத் தைரியமில்லை. மையவாடியின் உள்வீதியில், கப்றுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட நிறுத்தினான். அதற்கு மேல் ஈரப்புல். வண்டி போகாது. நடந்துதான் சுமக்க வேண்டும்.

மாமி கப்றின் ஓரத்தில் நின்று ஸலாம் சொன்னார். பள்ளத்தைப் பார்த்தார். ஸஃப்வான் முதல் வாளிகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, மண்வெட்டி வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தினார். வாளியிலிருந்து ஒரு பிடி எடுத்து, வாய்க்குள் ஓதிப் பள்ளத்தில் போட்டார். இன்னொரு பிடி. இன்னொன்று. பிறகு வாளியைச் சரித்து, மண்ணை இரு கையாலும் பரப்பி, உள்ளங்கையால் தட்டி இறுக்கினார்.

அவன் வெறும் வாளிகளோடு வண்டிக்குத் திரும்பினான். அள்ளினான், நிரப்பினான், தூக்கினான். ஈர மண் நல்ல பாரம். பாதி வழியில் தோள் இழுத்தது. நின்று மூச்சு வாங்கினான். யாரும் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. வாளியின் கம்பிப் பிடி விரல்களை அறுத்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது வலிப்பது தெரிந்தது. வலி விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. துணி சுற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது. சுற்றவில்லை.

கப்றடியில் வாளியை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது கண் கலங்கிப் பார்வை தெளிவில்லாமல் இருந்தது. வியர்வை என்று நினைத்துப் புறங்கையால் துடைத்தான். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. மாமி நிமிர்ந்து பார்க்காமலே மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் வேணும் மகன்," என்றார். "கால்மாட்டுப் பக்கம் இறங்கியிரிக்கு."

"ஓம் மாமி. கொண்டு வாறன்," என்றான் ஸஃப்வான்.