மூலையில் நின்ற புள்ளி

கணக்குக்காரி வந்தால் ஆஸ்பத்திரியின் தானியங்கிக் கதவு திறப்பதில்லை என்பது அந்த வருஷத்து மழைக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. மற்றவர்களுக்குத் திறக்கும், பூனைக்குக்கூடத் திறக்கும், அவளுக்கு மட்டும் திறக்காது. ஆராய்ச்சிக்கூடத்து லிஃப்டில் அவள் தனியாக ஏறினால் ஆளே இல்லை என்று விளக்கு அணைந்துவிடும். காய்ச்சல் பார்க்கும் கருவியில் எண் வராது. பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினாள். செருப்பை மாற்றச் சொன்னார்கள், அந்தக் கூத்தையும் செய்தாள். கடைசியில் யாராவது வரும்வரை வாசலில் நின்று, அவர்களை ஒட்டிக்கொண்டே உள்ளே போகப் பழகிக்கொண்டாள்.

மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுக்களில் எது முதலில் மாறியது, எது அதன் பின்னால் வந்தது என்று கணினியில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது அவள் வேலை. கணவனுக்கும் அதே வேலை, அதே அறை, எதிர் மேஜை. அவனுக்கு வடிகட்டி என்று பட்டப்பெயர். வந்து குவியும் தரவுகளில் பிழையானதைக் கழித்துச் சுத்தம் செய்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒவ்வொரு நோயாளியும் அவர்கள் வரைபடத்தில் ஒரு புள்ளி. புள்ளிகள் எல்லாம் ஒரு கோட்டை ஒட்டி வந்தால், மாற்றங்கள் இந்த வரிசையில்தான் வருகின்றன என்று அடித்துச் சொல்லலாம். புது மருந்து யாருக்கு என்பதையும் அந்தப் படத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். கோட்டைவிட்டு விலகி நிற்கும் புள்ளியை நீக்குவது அந்தத் தொழிலில் தினமும் நடப்பது. ஆனால் அந்த அறையில் அவள் கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. எந்தப் புள்ளியானாலும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லி, இரண்டு பேரும் சரி என்ற பிறகுதான் நீக்க வேண்டும். "புள்ளின்னா சும்மாவா? ஒவ்வொண்ணும் ஒரு பொம்பளை" என்பாள்.

அப்படிச் சொன்னவளுக்கே கட்டி வந்தது. சோதனைக்குக் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்தார்கள், அதையும் ஆய்வில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாள். நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். இது யாருடையது என்பது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அவள் புள்ளி கோட்டுப்பக்கமே வராமல் மேல் மூலையில் ஒண்டியாகப் போய் நின்றது. "உன்னை மாதிரியே, யாரோடவும் ஒத்துப்போகாது" என்று அவன் கேலி செய்தான். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள், பைத்தியக்காரி.

அந்தப் படத்தை வைத்து வடிகட்டி எழுதி அனுப்பிய கட்டுரை வெளியாகி ஓகோவென்று பேசப்பட்டது. ஆராய்ச்சிக்கூடத்து மண்டபத்தில் கூட்டம் போட்டு, வரைபடத்தைச் சுவர் உயரத்துக்கு அச்சிட்டு மாட்டினார்கள். எல்லோரும் கோட்டைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் மட்டும் மூலையைப் பார்த்தாள். மூலை வெள்ளையாக இருந்தது. புது மருந்துக்குத் தன்னை ஏன் கூப்பிடவில்லை என்பதும், கதவு முதலில் திறக்காமல் போனது கட்டுரையை அனுப்பிய அதே வாரம்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"உன் புள்ளியை வெச்சா கோடே வளையுதும்மா" என்றான் வடிகட்டி, தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமல். "கட்டுரையைத் தூக்கிக் கடாசியிருப்பாங்க. எத்தனை பேருக்கு மருந்து தள்ளிப்போகும், நீயே யோசி."

"அந்த எத்தனை பேர்ல நான் இல்லையா?"

"உனக்குத் தனியா ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கலாம்னு..."

"கேட்டிருந்தா நானே எடுத்துடுங்கன்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. எதிர் மேஜைதானே? தலையை நிமிர்த்தி ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?"

அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் கட்டியும் இல்லை, அவளும் இல்லை. "பாத்தியா, ஒண்ணுமே இல்ல!" என்று பாவி மனுஷன் சந்தோஷப்பட்டான். அவள் விரலுக்குக் கட்டி தெரிந்தது, போன மாதத்தைவிடப் பெரிதாக. கட்டிய புருஷன் தன்னைக் கழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான் என்ற நினைப்பு அதைவிட வலித்தது. அன்றே துணிமணிகளை எடுத்துக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போனாள். கணினி அவள் தட்டுவதையும் ஏற்கவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தன் புள்ளியையும் சேர்த்து மழைக்காலம் முழுவதும் கையாலேயே கணக்குப் போட்டாள். மற்ற எல்லோருக்கும் கடைசியில் வரும் மாற்றம் அவளுக்கு முதலில் வந்திருந்தது. அப்படி வந்தவர்களுக்குப் புது மருந்தால் பயனில்லை, பழைய மருந்து ஒன்றுதான் வேலை செய்யும்.

அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா அந்தக் காகிதங்களை இரண்டு முறை படித்தாள், கட்டியைக் கையால் தொட்டுப் பார்த்தாள், ஸ்கேனை மூலையில் போட்டாள். கட்டியை எடுத்தார்கள். மருந்தின் அளவுக்கு உடம்பின் எடை வேண்டும், எந்தத் தராசும் காட்டவில்லை. வாட்டசாட்டமான நர்ஸ் ஒருத்தி, "இதுக்குப் போயா இவ்வளவு யோசனை?" என்று அவளை அலாக்காகத் தூக்கிப் பார்த்து, "அம்பத்திரண்டு" என்றாள். அப்படியே எழுதிக்கொண்டார்கள். நர்ஸின் கணக்கு ஒருநாளும் தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் அதை யாரும் அதிசயமாகப் பேசுவதும் நின்றுபோயிற்று.

சில வருஷங்கள் கழித்து, அவள் மருந்துக்காகக் காத்திருந்தபோது வடிகட்டி வந்தான். தலை நரைத்து, ஆள் பாதியாக இளைத்திருந்தான். "உன் புள்ளியைத் திரும்பச் சேத்துட்டேன்" என்றான், கண் கலங்க. "பத்திரிகையில திருத்தமும் வந்துடுச்சு. எல்லாரும் பாத்தாச்சு. இனிமே எல்லாம் சரியாயிடும், வீட்டுக்கு வா."

"இதையும் என்னைக் கேக்காமத்தான் செஞ்சீங்களா?" என்றாள் அவள்.

அதற்குள் நர்ஸ் வந்து, வழக்கம்போல அவளை இடுப்போடு சேர்த்துத் தூக்கி, "போன தடவையைவிட ஒரு கிலோ ஏறியிருக்கீங்க" என்றாள். உள்ளே டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டாள்.