டிவிக்குப் பின்னால் நின்றவள்

கண் ஆபரேஷன் முடிந்து அவளை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். ஒரு வாரம் குப்புறவே படுத்திருக்க வேண்டும். விழித்திரை கழன்ற கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருந்தார்கள். முகம் தரையைப் பார்த்திருந்தால்தான் அது மேலெழும்பி, ஒட்டிய இடத்தை அழுத்திப் பிடித்திருக்குமாம். மற்றொரு கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். இது பிழைத்தால்தான் உண்டு.

அவள் கணவர் டிவி மெக்கானிக். கடையைச் சாத்திவிட்டு, காற்று வரும் முன்னறையில் கட்டிலைப் போட்டார். நெற்றிக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று என்று தலையணைகளை அடுக்கி, நடுவில் மூக்குக்கு இடம் விட்டார். வேளா வேளைக்குச் சொட்டு மருந்து விட்டார். எல்லாம் செய்தார், வாயை மட்டும் திறக்கவில்லை. எத்தனையோ வீட்டுப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து உயிர் கொடுத்தவருக்கு இந்த ஒன்றைப் பிரித்துப் பார்க்க முடியாதது தாங்கவில்லை.

அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மத்தியானங்களில் இரண்டு பேர் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் கடைக்கு எதிர்க்கடைத் தையல்காரர். இன்னொருவர் மெக்கானிக்கின் தங்கை கணவர், பஸ் கண்டக்டர். அவளுக்கு அவர்கள் பாதங்களாகத்தான் வந்தார்கள். கட்டில் விளிம்புக்குக் கீழே, நீருக்கடியில் கிடக்கும் கூழாங்கற்களைப் போல ஆறு பாதங்கள் மங்கலாக அசைந்தன. அவற்றின் மேல் குமிழியின் வட்டம், தொட்டால் கலங்கிவிடும் நிலா மாதிரி மிதந்தது.

"என்னப்பா, வாயைத் தச்சு வச்சிருக்கே? நான் தைக்கலையே!" என்றார் தையல்காரர்.

மெக்கானிக் சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து மூடியைத் திருகினார்.

"மச்சான், அந்த மேட்ச்சைச் சொல்லுங்களேன். அக்காவுக்கும் பொழுது போகும்" என்றார் கண்டக்டர்.

எந்த மேட்ச் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் 'அந்த மேட்ச்' என்றால் ஒன்றுதான். கல்யாணம் ஆவதற்கு முந்தைய வருஷம் நடந்தது. ஏழு விக்கெட் போய், இன்னும் நூறு ரன்னுக்கு மேல் வேண்டியிருந்த ஆட்டம். பாதிப் பேர் டிவியை அணைத்துவிட்டார்கள். மைதானத்திலேயே கூட்டம் எழுந்து போய்க்கொண்டிருந்தது.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "அப்பதான் குள்ளன் உள்ளே வர்றான்" என்றார். மூன்று நாளில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

பிறகு மூன்று பேரும் சேர்ந்து ஆடினார்கள். பந்து வீசத் தெரிந்தவன், மட்டை பிடிக்கத் தெரியாதவன் என்று பெயரெடுத்த குள்ளன் முதல் பந்திலேயே தப்பிப் பிழைத்தான். ஆமை மாதிரி ஊர்ந்தான், பிறகு முயலுக்குப் பொறாமை வரும்படி ஓடினான். எட்டாவது விக்கெட் விழுந்தது. ஒன்பதாவதும் விழுந்தது. கடைசியாகக் கண்ணாடி போட்ட சுழற்பந்துக்காரன் வந்து, மட்டையைக் குடை பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"குள்ளன் அடிச்ச அந்த சிக்ஸர், லெக் சைடு" என்றார் தையல்காரர்.

"உன் தலை. நேரா பௌலர் தலைக்கு மேல!" என்றார் கண்டக்டர்.

"நீ அப்ப பஸ்ல டிக்கெட் கிழிச்சிட்டிருக்க வேண்டியவன். டூட்டிக்கு மட்டம் போட்டுட்டு வந்து சாட்சி வேற சொல்றியா?"

அவள் அரைத் தூக்கத்தில் இருந்தாள். குமிழிக்குள் ஒரு பச்சை மைதானம் விரிந்தது. வெள்ளை உடுப்பில் யாரோ காற்றில் நீந்துவதுபோல் ஓடினார்கள். பந்து மேலே போய், இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றது. ஆனால் அது எந்தப் பக்கம் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிய வழியே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"எனக்குத் தெரியாது" என்றாள் தலையணைக்குள்.

"என்னம்மா தெரியாது?" மெக்கானிக் குனிந்தார்.

"பந்து எங்கே போச்சுன்னு. நான்தான் மேட்ச் பாக்கவே இல்லையே."

"என்ன உளர்றே? நீ அங்கதானே நின்னே? ரிப்பேருக்குக் குடுத்த உங்க அப்பா ரேடியோவை வாங்கிட்டுப் போறேன்னு கடைக்கு வந்து, கடைசி வரைக்கும் வாசப்படியில நின்னியே!"

"வாசப்படியில நின்னேன். டிவி உங்களைப் பாத்து இருந்துச்சு. நான் அதோட முதுகைத்தான் பாத்தேன்."

"சத்தமாவது கேட்டிருக்குமே தங்கச்சி" என்றார் தையல்காரர்.

"சத்தம் வரலைன்னுதானே அந்தப் பெட்டி ரிப்பேருக்கே வந்திருந்துச்சு?"

இத்தனை வருஷம் இதை ஒருவரும் யோசித்ததில்லை.

"அப்புறம் எதுக்கும்மா நகராம நின்னே?" மெக்கானிக்கின் குரல் இறங்கியிருந்தது.

"நீங்கதானே கத்தினீங்க. நான் கிளம்பக் கால எடுத்து வச்சதும் எட்டாவது விக்கெட் விழுந்துச்சு. 'அங்கயே நில்லுங்க, நகராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்'னு கையெடுத்துக் கும்பிட்டீங்க. முன்பின் தெரியாத மனுஷன் கும்பிடறாரேன்னு நின்னேன்."

பிறகு அவள் தன் ஆட்டத்தைச் சொன்னாள். மெதுவாக, தரையிடம் சொல்வதுபோல. பின்மூடி கழற்றிய பெட்டிக்குள் படக்குழாயின் கழுத்தில் சின்னதாக ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே மூன்று முகங்கள். படத்தின் வெளிச்சம் மாற மாற, முகங்கள் நீலமாகி, வெளுத்து, மறுபடி நீலமாயின. தையல்காரர் பல்லில் கடித்த நூலைத் துப்ப மறந்து மென்றார். கண்டக்டர் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். பவுண்டரி போனால் மூன்று வாயும் ஒன்றாகத் திறக்கும், சத்தமில்லாமல். கொண்டாடினால் ராசி போய்விடுமாம். விக்கெட் விழுந்தால் மூன்று முகத்திலும் ஒரே நேரத்தில் விளக்கு அணையும்.

"கால் மரத்துப்போச்சு. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல எனக்கு சாயங்கால டூட்டி. பஸ் போயிடுச்சு. போகட்டும்னு நின்னேன். அந்த மூணு மூஞ்சியும் எப்படியாவது சிரிக்கணும்னு இருந்துச்சு. கடைசிப் பந்து வந்தப்ப இவங்க ரெண்டு பேரும் டிவியைப் பாத்தாங்க. நீங்க என்னைப் பாத்தீங்க."

அவர் பாதங்களில் விரல்கள் மடங்குவது அவளுக்கு மங்கலாகத் தெரிந்தது.

"டேய்!" என்றார் தையல்காரர். "அப்போ கடைசிப் பந்தை நீ பாக்கவே இல்லையா? வருஷக்கணக்கா எங்களுக்கே கதை சொல்லிட்டிருந்தியே, கவர் டிரைவ் அப்படிப் போச்சு இப்படிப் போச்சுன்னு!"

"வாசப்படியில நின்னவங்க நகர்ந்திடப் போறாங்களேன்னு பயமா இருந்துச்சுப்பா" என்றார் மெக்கானிக். "அதான் திரும்பினேன். திரும்பினவன் அப்படியே..."

கண்டக்டர் விசிலடித்தார். டாக்டர் சிரிக்கக் கூடாதென்று சொல்லவில்லை என்பதால் அவள் தலையணை குலுங்கச் சிரித்தாள்.

அன்று எக்ஸ்சேஞ்சுக்குத் தாமதமாகப் போனதையும் சொன்னாள். பலகை முழுக்க விளக்குகள் மினுங்கின. எந்த வயரைச் செருகினாலும் காதுக்குள் ஒரே வார்த்தை: ஜெயிச்சாச்சு, ஜெயிச்சாச்சு. தகப்பனுக்கு மகன், முதலாளிக்கு டிரைவர், சண்டை போட்டுப் பிரிந்த அண்ணனுக்குத் தம்பி. தான் நின்றதால்தான் இவர்களெல்லாம் சிரிக்கிறார்கள் என்று அவள் கொஞ்ச நேரம் முழுதாக நம்பினாள். பேச்சு நீண்டுகொண்டே போய், எங்கோ அவள் தூங்கிப்போனாள். கணவர் தன் கையை அவள் முதுகில் வைத்திருந்தது மட்டும் தெரிந்தது.

கண் பிழைத்தது. முழுசாக இல்லை. நேர்க்கோடுகள் இப்போதும் சற்று நெளிகின்றன, கதவு நிலை தண்ணீரில் நிற்பதுபோல் தெரிகிறது. குமிழி நாளுக்கு நாள் சுருங்கி, ஒரு மணியாகி, ஒரு காலையில் காணாமல் போயிற்று. மல்லாந்து படுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று மத்தியானம் கூரையைப் பார்த்தபடி வெகுநேரம் படுத்திருந்தாள். அதில் ஒட்டடை அடிக்காதது தெரிந்தது. அதைச் சொன்னபோது மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. ஏணியை எடுத்துவரப் போவதுபோல் வெளியே போனார்.

கண்டக்டர்தான் எங்கேயோ தேடி அந்த ஆட்டத்தின் வீடியோவைப் போனில் பிடித்துக்கொண்டு வந்தார். இப்போதாவது பாருங்கள் என்று அவள் கையில் கொடுத்தார். மூன்று பேரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். உள்ளங்கை அளவுத் திரையில் எறும்புகள் மாதிரி மனிதர்கள் ஓடினார்கள். அவ்வளவு பெரிய சிக்ஸர், எந்தப் பக்கம் என்று தெரிவதற்குள் போய்விட்டது. கடைசிப் பந்து வந்தது. கண்ணாடிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீச, விளிம்பில் பட்டு, கீப்பருக்கும் ஸ்லிப்புக்கும் நடுவே நழுவி ஓடியது.

"எட்ஜா?" என்றார் மெக்கானிக். "அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் தெருவுல எல்லார்கிட்டயும் கவர் டிரைவ்னு சொன்னீங்களேடா!"

தையல்காரர் கூரையைப் பார்த்தார். "ஜெயிச்ச நாள். கொஞ்சம் அழகா இருக்கட்டுமேன்னு சொல்லிவச்சோம். நீயும் தெரிஞ்சேதான் அளக்கறேன்னு நெனச்சோம்."

"நான் ஊர் பூரா சொல்லியிருக்கேனே!"

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கப் போனவளின் கையை மெக்கானிக் எட்டிப் பிடித்தார்.

"கசக்காதே" என்றார். தன் சட்டைப்பையிலிருந்து சுத்தமான பஞ்சை எடுத்து, கண்ணைத் தொடாமல் கன்னத்தோடு நிறுத்தி, மெல்ல ஒற்றி எடுத்தார்.