குடும்பத்தினருக்கு மட்டும்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய வீட்டில், குடியிருக்க ஆள் வராத ஒவ்வொரு மாதமும் ஓர் அறை காணாமல் போனது. முதலில் போனது தட்டுமுட்டுச் சாமான் போடும் அறை. அடுத்தது பின்பக்கப் படுக்கையறை. இடிந்து விழவில்லை, சத்தமும் கேட்கவில்லை. போன மாதம் கதவு இருந்த இடத்தில் இந்த மாதம் சுவர் இருந்தது, அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வீடு பழைய அளவில்தான் தெரிந்தது. தெருக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூட்டிப் போட்ட வீடு அப்படித்தான் ஆகும் என்றார்கள். இரும்புக்கடைக்காரர் அதிக வாடகைக்கு ஆசைப்பட்டு வருஷக்கணக்கில் பூட்டி வைத்திருந்த வீட்டில், கடைசியில் வாசற்கதவைத் திறந்தால் நேரே சுவர்தான் இருந்ததாம்.

கடைக்காரி ஒண்டிக்கட்டை. பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய சின்னக் கடையில் லென்ஸ் தேய்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள். கை நடுங்கத் தொடங்கினால் சோற்றுக்கு யார் முன்னாலும் நிற்கக்கூடாது என்றுதான் அந்த வீட்டை வாங்கினாள். வாங்கும்போது கோட்டை விடவில்லை. அடைமழையில் போய் எந்தக் கூரை ஒழுகுகிறது என்று பார்த்தாள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, எது இருமுகிறது என்று கேட்டாள். கோடையில் தண்ணீர் வருமா என்று விற்கிறவரைக் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேட்டாள். பழைய பத்திரங்களை வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். மோட்டார் எரிந்தால், வீடு சில மாதம் காலியாகக் கிடந்தால் சமாளிக்கவென்று கொஞ்சம் சேமிப்பைத் தொடாமல் வைத்தாள். வரப்போகும் வாடகையை நம்பிக் கடன் வாங்குவது, பக்கத்து வீட்டு அரிசியை நம்பி உலை வைப்பது மாதிரி என்பது அவள் கணக்கு. இத்தனையும் பார்த்தவள், யாரைக் குடிவைப்பது என்பதை மட்டும் அண்ணனிடம் விட்டுவிட்டாள். வீடு வாங்கி விற்பதில் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர்.

அண்ணன் முதல் வேலையாக வாசலில் ஒரு பலகையைத் திருகாணி போட்டு முடுக்கினார். ‘குடும்பத்தினருக்கு மட்டும்’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. கடைக்காரிக்கு அந்த வாசகம் புதிதல்ல. இளவயதில் ஊரெல்லாம் வீடு தேடி, அந்தப் பலகையைப் படித்துப் படித்துத் திரும்பியவள் அவள். “தனியா வர்றவங்களுக்கு விட்டா வீடு வீணாப் போயிடும்மா. புருஷன், பொண்டாட்டி, ரெண்டு புள்ள. அதுக்கு மேல ஒரு தலை கூடாது” என்றார் அண்ணன். அவள் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். குடும்பங்களும் வரத்தான் செய்தன. ஒரு குடும்பத்தில் பிள்ளை ஒன்று அதிகம் என்றார், இன்னொன்றில் மாமியார் அதிகம் என்றார், எல்லாம் சரியாக இருந்த குடும்பத்தைப் பார்த்து, “இவ்வளவு சரியா இருந்தா ஏதோ இருக்கு” என்றார். இதற்குள் சமையலறையும் போய்விட்டது. கூடமும், ஓரமாக ஒரு குளியலறையும்தான் பாக்கி.

அப்போதுதான் அண்ணனும் அண்ணியும் கடைக்கே வந்தார்கள். “இன்னும் ஒரு மாசம் போனா கூடமும் போயிடும். மண்ணு விலைக்கு நானே எடுத்துக்கறேன். வெளியாளுக்கா போகுது?” என்றார் அண்ணன். “தேவையா இது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்” என்றாள் அண்ணி. தராசைப் பிடித்திருந்தவரே சரக்கையும் வாங்க வந்திருக்கிறார் என்பது கடைக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்து வைத்தாள்.

“வீட்டை விக்கலண்ணே. பலகையைத்தான் எடுக்கப்போறேன்.”

“எடுத்துட்டு? யாருக்கு விடுவ?”

“அதப் படிச்சிட்டுத் திரும்பிப் போனவங்களுக்கு.”

கண்ணாடிச் சட்டம் முடுக்கும் ஊசி போன்ற திருப்புளிதான் அவளிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்தத் தடித்த திருகாணிகளைக் கழற்ற ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது. தெருவின் எதிர்ப்பக்கம் நின்ற அண்ணன், சுத்தியல் தரட்டுமா என்று கேலியாகக் கேட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பலகை விழுந்தது.

அன்றிலிருந்து ஆளை அவளே பார்த்தாள். கண்ணாடியை எப்படி வைத்துக்கொள்கிறார்களோ, அப்படித்தான் வீட்டையும் வைத்துக்கொள்வார்கள் என்பது அவள் தொழில் சொன்ன பாடம். சட்டைநுனியில் துடைத்துக் கீறல் விழ வைத்தவர்களுக்கு மறுத்தாள். அதோடு விடாமல், முன்பு இருந்த வீட்டுக்காரரிடமும் போய் விசாரித்தாள். எந்த ரிப்பேர் யார் செலவு, எத்தனை மாதம் முன்னால் சொல்லிவிட்டுக் காலி செய்வது என்று எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினாள். இரவு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி முதலில் வந்தாள். மறுநாள் காலையில் அவளுக்கென்று வெயில் எட்டாத ஓர் அறை முளைத்திருந்தது. டிரம்பெட் வாசிப்பவன் வந்தான். அவன் அறைச் சுவர் ஒரு முழக் கனத்தில் வந்தது. விவாகரத்தான தச்சர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் மகளுக்காக, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு சின்ன அறை வந்தது. சமையலறை முன்பைவிடப் பெரிதாகத் திரும்பியது. தெருவிலிருந்து நாலு பேர் கூடி வந்து, “எப்படிப்பட்ட ஆளுங்களையெல்லாம் குடிவச்சிருக்க?” என்று கேட்டார்கள். “வாடகை குடுக்கிற ஆளுங்கள” என்றாள். வீட்டுவரி போட வந்தவர் வெளியே அளந்தார், உள்ளே அளந்தார், இரண்டும் ஒத்துவரவில்லை. வெளி அளவையே எழுதிக்கொண்டு, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

வருஷங்கள் ஓடின. அண்ணி, மகளுக்குப் பிரசவம் பார்க்க வெளிநாடு போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். அண்ணனுக்கு இருந்த வீடுகளைப் பிள்ளைகள் விற்றுப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் வாடகைக்கு வீடு தேடி அலைந்தார். தனி ஆள், அதிலும் வயசாளி. போன வாசலில் எல்லாம் பலகை தொங்கியது. ஒரு நாள் மதியம் கடைக்கு வந்து நின்றார். அவர் கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டியிருந்தது. கடைக்காரி அதை வாங்கி, நூலை அறுத்துப் புதுத் திருகாணி போட்டு, துடைத்து அவர் மூக்கில் வைத்துவிட்டாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்து நீட்டினாள்.

“அண்ணனுக்குக் கூடவா?”

“அண்ணன்னாதான் கண்டிப்பா எழுதணும். அட்வான்ஸும் உண்டு.”

அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில், முதன்முதலில் காணாமல் போன தட்டுமுட்டு அறை பழைய இடத்திலேயே வந்திருந்தது, உள்ளே ஒரு கட்டிலோடு. அண்ணன் பெட்டியை வைத்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

“சன்னல் ரொம்பச் சின்னதா இருக்கேம்மா” என்றார்.

“தேதி தவறாம வாடகை குடுங்க,” என்றாள், “வளரும்.”