இடது ஓரத்துப் படம்

பாலர் பள்ளியில் அன்று எடை பார்க்கும் நாள். நர்ஸ் ஓர் அட்டையை மேசைமேல் வைத்தாள். வரிசையாகக் குழந்தைகளின் படங்கள். இடது ஓரத்தில் இருந்தது எலும்பும் தோலுமாக. அடுத்தடுத்து ஊதிக்கொண்டே போய், வலது ஓரத்தில் இருந்ததற்குக் கழுத்தே இல்லை.

"உங்க பையன் இதுல எந்த மாதிரின்னு தொட்டுக் காட்டுங்கம்மா."

அம்மா யோசிக்கவேயில்லை. இடது ஓரத்தைத் தொட்டாள்.

நர்ஸ் பையனைப் பார்த்தாள். சட்டையின் கடைசிப் பொத்தான் பூட்ட முடியாமல் திறந்துகிடந்தது. தொடைகள் நாற்காலி விளிம்பைத் தாண்டிப் பிதுங்கின. "நல்லா பாத்துச் சொல்லுங்க."

"பெத்தவளுக்குத் தெரியாதா? காத்தடிச்சா விழுந்துடுவான்."

அட்டை அப்பாவின் பக்கம் நகர்ந்தது. அவர் லிப்ட் மெக்கானிக். எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பதே வேலை. பையனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. வீட்டில் முதுகுவலி என்று சொல்லியிருந்தார். வலப்பக்கம் போன விரல், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் மடங்கிக்கொண்டது.

"அவ சொன்னதுதாங்க."

நர்ஸ் பையனிடம் குனிந்தாள். "நீ சொல்லு தங்கம், இதுல நீ யாரு?"

பையன் எக்கி இடது ஓரத்தைத் தொட்டான். "இது அக்கா. நானும் இதுதான். சாப்பிடலேன்னா நானும் செத்துப்போயிடுவேன்."

அக்காவை அவன் பார்த்ததில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே, இதே வயதில், உருகி உருகிப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வயதுக்கு எடை ரொம்ப அதிகம் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். வீடு திரும்பினார்கள். மாடி ஏறுவதற்குள் பையனுக்கு மேல்மூச்சு வாங்கியது. "பாத்தீங்களா, உடம்புல தெம்பே இல்ல," என்று அம்மா நேரே அடுப்படிக்குப் போனாள். தட்டு நிறையச் சோற்றோடு வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"நர்ஸம்மா எடைய பத்திச் சொன்னத கேட்டல்ல?" என்றார் அப்பா.

"கேட்டேன்." கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. "அன்னிக்கு அவ வேணாம்னா. நானும் சரின்னு தட்ட எடுத்துட்டேன். இன்னும் ஒரு வாய் கெஞ்சியிருக்கலாம்ல?"

"அது ரத்தத்துல வந்த நோய். சோறு போடாம வந்ததில்ல." என்றோ சொல்லியிருக்க வேண்டியது, இத்தனை நாள் அவருக்கு வாய் வரவில்லை.

அவள் கவளம் கவளமாக ஊட்டினாள். பையன் முழுங்கினான். கன்னம் உப்பி, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"போதும்மா," என்றான், பயந்துபோய்.

கவளத்தோடு அவள் கை பாதியில் நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அப்பா தரையில் மண்டியிட்டார். குனிந்து, அந்தக் கவளத்தைத் தன் வாயில் வாங்கிக்கொண்டார். அவள் கையை இறக்கவில்லை. பையன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.