நான்கு நிரந்தரப் பணியாளர்கள்

வெள்ளிக்கிழமை அலுவலக வேன் பாசி எண்ணெயில் ஓடிக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். இல்லையென்றால் பார்க்க வரும் மேலிடத்துக் குழு ஆய்வுக்கூடத்தை மூடிவிடும். எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஆராய்ச்சியாளரிடம் நான்கு கண்ணாடித் தொட்டிகள் நிறையப் பச்சைப் பாசி இருந்தது. வியாழக்கிழமை பிழிந்துவிட்டால் போதும்.

திங்கட்கிழமை தீத்தடுப்பு அதிகாரி சோதனைக்கு வந்தார்.

"தொட்டியில என்னம்மா?"

"எரிபொருள் சார்" என்றார் அக்கா, பெருமையாக.

அங்கேதான் தப்பு நடந்தது. எரிபொருள்மேல் வெயில் படக்கூடாது என்பது விதி. அதிகாரி நான்கு தொட்டிகளையும் கறுப்புத் தார்ப்பாயால் மூடிச் சீல் வைத்தார்.

"வெயில் இல்லேன்னா செத்துடும் சார்!"

"எரிபொருள் எங்கேயாவது சாகுமா?"

மறுநாள் தார்ப்பாயை ஓரமாகத் தூக்கிப் பார்த்தால் பாசி வெளிறி அடியில் படிந்துகொண்டிருந்தது. அக்கா வேன் டிரைவரையும் இழுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்கு ஓடினார். அதிகாரி கெட்டவர் இல்லை. படிவத்தைத் திருப்பிக் காட்டினார். ஓர் அறைக்குள் இருக்கக்கூடியவை மொத்தம் ஐந்து வகை: எரிபொருள், மரச்சாமான், காகிதம், இயந்திரம், பணியாளர்.

"இதுல எதுக்கு சார் வெளிச்சம் கட்டாயம்?"

"பணியாளருக்கு மட்டும்தான்."

"அப்ப அதுலயே எழுதுங்க."

"எத்தனை பேர்?"

"ஒரு சொட்டுலயே பல லட்சம்..."

"தொட்டிக்கு ஒருத்தர்னு சொல்லுங்க அக்கா" என்று டிரைவர் குறுக்கே புகுந்தார். "இல்லேன்னா அத்தனை பேருக்கும் நாற்காலி எங்கேன்னு கேப்பாரு."

அரை மணி நேரத்தில் சீல் உடைந்தது. வியாழக்கிழமைக்குள் பாசி மறுபடி பச்சைப்பசேல் என்று திரண்டுவிட்டது. பிழியும் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்தபோது அதிகாரி கோப்போடு வாசலில் நின்றார்.

"இவங்களை என்ன பண்ணப் போறீங்க?"

"எண்ணெய் எடுக்கணும் சார்."

"பணியாளர்கிட்டயிருந்தா? இவங்க சேர்ந்தே ரெண்டு நாள்தான் ஆகுது!"

"நான் சேர்ந்த அன்னிக்கே எடுத்துட்டீங்களே" என்றார் டிரைவர். அவர் சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. வேன் நின்ற இடத்திலேயே நின்றது. மூடும் உத்தரவில் கையெழுத்துப் போடத் தலைவர் பேனாவைத் திறந்தார்.

"மூட முடியாதுங்க" என்றார் அதிகாரி. "பதிவேட்டுல நாலு பேர் இருக்காங்க. நடுத்தெருவுலயா விடறது?"

தலைவர் தொட்டிகளுக்குள் உற்றுப் பார்த்தார். "லீவு எடுத்தாங்களா?"

"ஒரு நாள்கூட இல்ல."

"தாமதமா வந்தது?"

"இங்கேயேதான் இருக்காங்க."

தலைவர் மூடும் உத்தரவை ஓரமாக வைத்தார். இப்படி ஒரு பிரிவை அவர் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லையாம். நால்வரையும் அங்கேயே நிரந்தரமாக்கினார். ஆய்வுக்கூடம் பிழைத்தது. எண்ணெய் எடுக்கும் வேலை மட்டும், அவர்கள் ஓய்வுபெறும் வரை, ஒத்திவைக்கப்பட்டது. அன்றோடு ஒப்பந்தம் முடியவிருந்த அக்காவை அவர்களுக்கு உதவியாளராக இன்னும் ஓராண்டு வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவின் கடைசி வரியில் எழுதினார்கள்.

அக்கா அதை இரண்டு முறை படித்தார்.

"கொடுத்து வெச்சவங்க அக்கா நீங்க" என்றார் டிரைவர். "மேலே நாலு பேரு. ஒருத்தருக்கும் வாய் கிடையாது."